சரிபார்ப்புக் கேள்வி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்த அறையில் பேசப்படுவது எதையும் பதிவு செய்யக் கூடாது என்பது சட்டம். ஒருவருடைய மனசாட்சியைப் பதிவு செய்வது அநாகரிகம் என்று சட்டத்தின் முன்னுரையிலேயே அழகான வாக்கியம் ஒன்று இருக்கிறது. ஊசி நின்றதா, விழுந்ததா என்பது மட்டும்தான் வெளியே போகும். மற்றதெல்லாம் உள்ளே இருந்த மூன்று பேரின் தலைக்குள்தான். அதில் இரண்டு தலைகள் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டன. மிச்சம் இருப்பது என்னுடையது. நான் எழுதப்போகும் வாக்கியங்களில் சில அவர்கள் உண்மையிலேயே சொன்னவை. சில, பிற்பாடு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த நேரங்களில் நானே சேர்த்துக்கொண்டவையாக இருக்கலாம். அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெளியே உப்பளம் தெரிந்தது. வெயில் அதில் பட்டு உள்ளே வந்து கண்ணைக் கூச வைத்தது. அது நிச்சயம்.

நான் தூத்துக்குடியில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன். மனசாட்சி மன்றத்தின் ஒவ்வொரு விசாரணையிலும் சம்பந்தமில்லாத குடிமகன் ஒருவர் சாட்சியாக உட்கார வேண்டும். குலுக்கலில் அன்று என் பெயர் வந்திருந்தது. ஊசியைப் பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். வேறு வேலை இல்லை.

முறையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மரண தண்டனை மக்களின் பெயரால் நடக்கிறது. ஆகவே மக்களில் ஒருவர் கையால்தான் நடக்க வேண்டும். இதுதான் சட்டம். குலுக்கலில் பெயர் வந்தவரை ‘முறை வந்துட்டு’ என்று ஊரில் சொல்வார்கள், வயலுக்குத் தண்ணீர் முறை வருவதைச் சொல்வதுபோல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதி நிற்பான். இந்தப் பக்கம் ஒரு உலோகத் தட்டு இருக்கும். அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். கையை எடுக்கும்போது வேலை முடிந்திருக்கும்.

மனசாட்சி இடம் தரவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அரசாங்கத்துக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் அப்படி ஒரு மனசாட்சி அவருக்கு இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குத்தான் உறுதிமானி. பழைய தராசுக் கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி வட்டமான முகமும் ஒற்றை ஊசியும். பட்டையை நெற்றியில் கட்டுவார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ளே எவ்வளவு தடுமாற்றம் என்பதை அது காட்டும். தடுமாற்றம் இல்லாவிட்டால் ஊசி நிற்கும், மறுப்பு செல்லும்; இருந்தால் விழும். வாயால் உடனே ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. வாயை ஏமாற்றலாம், ஊசியை முடியாது.

அன்று முதலில் வந்தவர் டயர் கடை வைத்திருந்த பொன்னுலிங்கம். எதிரே உட்கார்ந்து கேட்டவள் வேம்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். விசாரணைக்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடும் பழக்கம் அவளுக்கு இருந்தது.

“இந்தக் காரியத்தைச் செய்ய மறுப்பது உங்கள் மனசாட்சிதானா?” என்று கேட்டாள். எல்லோரிடமும் இதே வாக்கியம்தான்.

“மனசாட்சிதான். சொடலமாடன் மேல சத்தியம். கோயில் கொடை முடியிற வரைக்கும் ரத்தப் பழி ஆகாதுன்னு சாமி சொல்லிட்டாரு.”

ஊசி ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் பட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

“போன வருசம் பொண்டாட்டி கைய முறிச்சவரு” என்றாள் வேம்பு, கதவைப் பார்த்தபடி. “அவ தம்பி பல்லையும். அதுல எதுலயும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்காது, அண்ணாச்சி. அதான் ஊசி அப்படி நிக்கி.”

“விழுந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

“விழுந்தா ஒரு சரிபார்ப்புக் கேள்வி உண்டு. கருவி ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்க. அம்மா பேரு, பொறந்த ஊரு, இப்படி அவங்களுக்குச் சந்தேகமே வராத ஏதாவது கேப்போம். அதுக்கு ஊசி நின்னுட்டா கருவி சரி, மொதல்ல விழுந்தது உண்மைன்னு அர்த்தம். அதுக்கும் விழுந்துட்டா கருவி பழுது. விசாரணை ஆறு மாசம் தள்ளிப்போகும்.”

“அந்தக் கேள்விய யாரு முடிவு பண்றது?”

“நான்தான்.” சற்று நேரம் உப்பளத்தைப் பார்த்தாள். “அடுத்து வாரவரு எனக்கு வாத்தியார். தெரிஞ்ச குரல் கேட்டாத்தான் ஊசி சரியா பேசும்னு என்னையே போட்டுருக்காங்க. ரெண்டு மாசத்துல அவருக்கு எழுபது முடியுது. எழுபது முடிஞ்சவங்களுக்கு முறை கிடையாது.”

ரெண்டு மாசம், ஆறு மாசம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“கடவுள் இருக்காரான்னு கேக்கப்போறேன்” என்றாள். “நாங்க படிக்கிற காலத்துலயே யார் கேட்டாலும் அவரு பதில் சொன்னதில்ல. ஊசி தரையில கெடக்கும். அண்ணாச்சிக்கு ஆட்சேபணை உண்டா?”

சட்டப்படி நான் ஆட்சேபிக்கலாம். பேசாமல் இருந்தேன். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தான்.

லூர்து மோத்தா உள்ளே வந்தார். உயரமான மனிதர். இளமையில் குருவானவராக இருந்து, அங்கியைக் கழற்றிவிட்டுக் கல்லூரியில் அறவியல் நடத்தியவர். வாசலில் காவலர், “தண்ணி குடிக்கேளா ஐயா?” என்று கேட்டதற்கு அவர் அப்படியே நின்று யோசித்தார். காவலர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தம்ளரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேம்பு எழுந்து நின்றிருந்தாள்.

“உக்காரு பிள்ள. இங்க நீதான பெரிய ஆளு.”

“பழக்கம் சார்.”

“வகுப்புல உன்ன நெறய தடவ நிக்க வச்சுட்டேன்னு நெனைக்கேன்.”

வேம்பு என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் கொஞ்சம் இளமையாகிவிட்ட மாதிரி இருந்தது. “சாரோட வகுப்புல ஒரு சட்டம் உண்டு அண்ணாச்சி. கேள்வி கேட்டதும் உடனே பதில் சொல்றவங்க எந்திரிச்சு நிக்கணும். சரியான பதிலா இருந்தாலும் நிக்கணும். யோசிச்சு, பேசாம இருந்து, அப்புறம் சொன்னாத்தான் உக்காரலாம். மொத வருசம் பூரா நான் நின்னுகிட்டேதான் படிச்சேன்.”

“கால் வலிச்சாவது மூளை வேல செய்யும்னு நெனச்சேன்” என்றார் மோத்தா.

அவள் பட்டையை அவர் நெற்றியில் கட்டினாள். கருவியை இன்னும் இயக்கவில்லை.

“சார், ஒண்ணு சொல்லணும். உள்ள ஏற்படுற அந்த மௌனத்த அளக்கலாம்னு அவங்களுக்குச் சொன்னது நான்தான். உறுதிமானி செஞ்ச குழுவுல இருந்தேன். உங்க வகுப்ப நெனச்சுத்தான் செஞ்சேன். யோசிக்கிறவங்க யாருன்னு கண்டுபிடிக்கணும்னு.”

நீண்ட நேரம் கழித்து அவர் சொன்னார்: “கண்டுபிடிச்சுட்டீங்கள்லா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உப்பளத்தில் யாரோ வரப்பின் மேல் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் மறையும் வரை மோத்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் விழுந்துட்டா?” என்று கேட்டார்.

“மாடியில மூணு நாளு வச்சிருப்பாங்க. தலையில ஒரு வலை மாட்டுவாங்க. வலிக்காது. அதுக்குப் பேரு திடப்படுத்துதல். முடிஞ்சதும் முறைய நீங்களே விரும்பிச் செய்வீங்க. அதுக்கப்புறம் சந்தேகமே வராது சார். எதுலயும்.”

“எதுலயும்னா?”

“மூளையில அது ஒரு இடம்தான். தட்டுல கைய வைக்கதுக்கு மட்டும் தனியா சரி பண்ண முடியாது.”

“அதுக்குப் பதிலா என்னைய ஜெயில்ல போடச் சொல்லு.”

“ஜெயில் பழைய காலம் சார். கருத்துக்காக ஒருத்தர அடைச்சு வதைக்கக் கூடாதுன்னு சட்டம் ஆயிட்டு.”

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. “நல்ல சட்டம்.”

“நல்ல சட்டம்னு நெனச்சுத்தான் நானும் சேர்ந்தேன்” என்றாள் வேம்பு. குரல் உயர்ந்தது. “நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க, மனசாட்சிய யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு? சரி. ஆனா பயந்தவனும் மனசாட்சிங்கான், சோம்பேறியும் மனசாட்சிங்கான். பயத்துக்கும் மனசாட்சிக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா?”

“வேணும்.”

“அப்ப?”

“என்னோடதுல எவ்வளவு பயம்னு எனக்கே தெரியல வேம்பு.”

“அத இங்க சொல்லாதீங்க.”

“எங்க சொல்ல? அந்த வேன்காரன்...” அவர் தண்ணீர்த் தம்ளரைத் தொட்டார், எடுக்கவில்லை. அந்த வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிக்கூட வேனின் கதவைப் பூட்டிவிட்டுத் தீ வைத்தவன். அவனைக் கொல்லத்தான் மோத்தாவுக்கு முறை வந்திருந்தது. “டி.வி.யில அந்தச் செய்தி வந்தப்போ நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இவனக் கொல்லணும்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். சொல்லிட்டு ரசம் ஊத்திக்கிட்டேன். இப்போ கைய நீட்டுன்னு சொல்லுதாங்க, மாட்டேங்கிறேன். இதுல எது மனசாட்சி? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா? இல்ல, கை அழுக்காகக் கூடாதுங்கிற பெருமையா?”

“நீங்க சாமியாரா இருந்தவங்க. கொலை செய்யாதேன்னு ஆண்டவர் சொல்லியிருக்காருன்னு நெனச்சுக்குங்க. உங்க ஆளுங்க எத்தனையோ பேரு அத நெனச்சே பாஸ் ஆயிட்டாங்க.”

“காலையில பூசைக்குப் போகும்போது நம்புதேன். திரும்பி வரும்போது மீன் மார்க்கெட்டைத் தாண்டணும்லா, அதுக்குள்ள போயிருது. மறுநாளு மறுபடியும் கெளம்பிப் போறேன். அப்படிக் கெளம்பிப் போறதுக்குப் பேருதான் நம்பிக்கைன்னு நெனச்சிட்டிருக்கேன்.”

“ஊசிக்கு மீன் மார்க்கெட்லாம் புரியாது சார்.”

“உனக்குப் புரியுதா?”

அவள் கருவியின் மேல் கை வைத்தாள், இயக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் அன்று அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, நாற்காலியில் அசைந்துகொண்டே இருந்தேன்.

“ஒரே ஒரு தடவ” என்றாள் வேம்பு. கெஞ்சினாள் என்றே சொல்லலாம். “ஒரு நொடி. சுதந்திரமா இருக்கணும்னா ஒரு நொடி கண்ண மூடிக்கிட்டுத் தாண்டணும் சார்.”

“கண்ண மூடிக்கிட்டுத் தாண்டுனாத்தான் கிடைக்கும்னா அது என்ன சுதந்திரம்?” என்றார் அவர். பிறகு, “தெரியல. ஒருவேள நீ சொல்றது சரியாகூட இருக்கும். கேளு” என்றார்.

அவள் கருவியை இயக்கினாள்.

“இந்தக் காரியத்தைச் செய்ய மறுப்பது உங்கள் மனசாட்சிதானா?”

அவர் உண்மையிலேயே யோசித்தார். அதை நான் பார்த்தேன். தப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, வகுப்பில் யாரோ ஒரு மாணவன் கேட்டதுபோல அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி ஒருமுறை நடுங்கியது. மெல்லச் சாய்ந்தது. கடைசியில் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

“அப்படித்தான்னு நம்ப ஆசையா இருக்கு” என்றார் மோத்தா, ஊசி விழுந்து வெகுநேரம் கழித்து.

வேம்பு என்னைப் பார்த்தாள். “ஊசி விழுந்தது” என்றேன்.

அவள் முகத்தில் கவலை இல்லை. அவளிடம் வழி இருந்தது. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி அவள் நாக்கில் தயாராக இருந்தது. எனக்கும் அது தெரியும். உள்ளுக்குள் எனக்கு ஒருவிதச் சந்தோஷம்கூட இருந்தது. சரிபார்ப்பு ஏன் என்பதை விதிப்படி அவருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. “இன்னொரு கேள்வி இருக்கு சார்” என்று மட்டும் சொன்னாள்.

“கேளு பிள்ள” என்றார். அவளை நிமிர்ந்து பார்த்தார். தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்ற எண்ணமே இல்லாத பார்வை. அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும் அதில் இருந்தது. வகுப்பில் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். அவ்வளவு வருடங்களுக்குப் பிறகு அப்படி ஒரு பார்வை பார்த்தால் யாருக்கும் போலிக் கேள்வி வாயில் வராது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இது என் ஊகம்தான்.

வேம்பு வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“உங்களக் காப்பாத்த நான் இந்த நாற்காலியில உக்காந்துகிட்டு ஏமாத்தலாமா சார்?”

“கூடாது.”

அவள் கேட்டு முடித்த அதே கணத்தில் வந்தது பதில். கேள்வியின் கடைசி எழுத்தின் மேலேயே ஏறி விழுந்தது. ஊசி கீழிருந்து எழும்பி நட்டுக்குத்தலாக நின்றது. பொன்னுலிங்கத்துக்கு நின்றதைவிட நேராக நின்றது. கொஞ்சமும் அசையவில்லை.

அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஊசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அது எதற்கான கேள்வி, என்ன பதில் தன்னைக் காப்பாற்றியிருக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வாழ்நாள் முழுவதும் தேடிக்கொண்டிருந்த ஒரு நிச்சயமான பதில் அன்றைக்குத்தான் அவருக்குக் கிடைத்தது. அது அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

“உடனே சொல்லிட்டேன்” என்றார்.

மேசையில் கையை ஊன்றி எழுந்தார். நெற்றியில் பட்டையோடு நேராக நின்றார்.

“உக்காருங்க சார்” என்றாள் வேம்பு. “சார், உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. காவலர்கள் வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

“சாட்சி” என்றாள் அவள் கடைசியில். எனக்கு ஒரு கணம் ஆயிற்று. ஊசி விழுந்தது என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூடாது என்று சற்றுமுன் அவர் சொன்ன அதே காற்றை நான் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தேன். “நின்றது” என்றேன். கருவி சரியாக இருக்கிறது என்று வெளியே போயிற்று.

அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது வாசலில், “அந்தத் தண்ணியக் குடிச்சிருக்கலாமோ என்னவோ” என்று காவலரிடம் சொன்னார். அவருடைய சந்தேகங்களில் நான் கேட்ட கடைசி அது.

அதே மாதத்தில் அவரை மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் கூடையின் முன் வந்து நின்றால், “சார் முடிவு பண்றதுக்குள்ள மீனு மறுபடி கடலுக்குப் போயிரும்” என்று மீன்காரப் பெண்கள் கேலி பண்ணுவார்களாம். அன்று நேராக வந்தார்.

“சாள ஒரு கிலோ. கழுவிக் குடு.”

அந்தப் பெண் கேலி செய்ய வாயெடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பேசாமல் கழுவினாள்.

நான் வணக்கம் சொன்னேன். என்னை உடனே அடையாளம் தெரிந்தது. “நல்லா இருக்கேன். முறை முடிஞ்சுது. சின்ன வேலதான். இதுக்கா இவ்வளவு யோசிச்சேன்னு இருக்கு” என்றார். பூசைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். “தேவையில்ல. கடவுள் இருக்காரு” என்றார். பையை வாங்கிக்கொண்டு நடந்தார். எதிரே ஒரு வண்டி வந்தது. ஒதுங்கலாமா என்று ஒரு கணம்கூடத் தயங்காமல் ஒதுங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை. மன்றத்துக் காவலர் சொன்னதுதான். வேம்பு வேலையை விட்டாள். பதவியில் இருக்கும்வரை விசாரிப்பவர்களுக்கு முறை கிடையாது; விட்டால் பெயர் குலுக்கலுக்குப் போகும். அது அவளுக்குத் தெரியாததல்ல. பெயர் வந்தது. மறுத்தாள். காலியான அவளுடைய நாற்காலியில் அப்போது மோத்தாதான் இருந்தார். பதில் சொல்வதில் அவரைப் போலத் தெளிவான ஆள் கிடைப்பது அரிது என்று, எழுபது கடந்தவரென்றும் பாராமல் எடுத்துக்கொண்டார்களாம். தெரிந்த குரல் என்பதால் அவளை விசாரிக்க அவரையே போட்டார்கள்.

முதல் கேள்விக்கு அவளுடைய ஊசி விழுந்தது. சரிபார்ப்புக் கேள்விக்கு அவள் காத்திருந்தாள். அவர் எதையாவது கேட்பார், தன்னைத் தடுமாற வைக்கும் ஒன்றை, பழைய வகுப்பில் கேட்ட மாதிரி ஒன்றைக் கேட்பார் என்று அவள் நம்பியிருக்கலாம். “சார்” என்று ஒருமுறை கூப்பிட்டாளாம்.

“உன் அம்மா பேரு என்ன?” என்று கேட்டார் மோத்தா.

இனி ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்பது. அந்த வேன்காரன் மோத்தாவின் கையால் செத்தான். வேம்புவின் முறையில் செத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் திடப்படுத்தப்பட்டாள், மறுபடியும் மன்றத்தில் சேர்ந்துவிட்டாள். அவளும் மோத்தாவும் அடுத்தடுத்த அறைகளில் விசாரிக்கிறார்கள். மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குள் எந்த விவாதமும் கிடையாது. பொன்னுலிங்கத்துக்கு டயர் கடை இப்போது மூன்றாகிவிட்டது. அவர் மனைவி இறந்துபோனாள். அதைப் பற்றி யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு முறை வந்திருக்கிறது. மறுத்திருக்கிறேன். அடுத்த வாரம் விசாரணை. எதிரே உட்காரப்போவது வேம்புவா மோத்தாவா என்று சொல்லவில்லை. இதில் எது நடந்தது, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரத்துக்குப் பிறகு கேளுங்கள். உடனே சொல்லிவிடுவேன்.